என் பேர்ல போட்டுக்கோ

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் இருந்த பாதிப் பெண்கள் அந்தப் பெயரை எடுத்துப் புழங்கிவிட்டார்கள். என் பங்குக்கு நானும் புழங்க வேண்டாம். எதிர்வீட்டு அக்கா என்றே சொல்கிறேன். நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

அவர் வாயில் அதிகம் வந்தது "என் பேர்ல போட்டுக்கோ" என்பதுதான். யாருக்காவது மாமியாருக்குத் தெரியாமல் ஆன்லைனில் சேலை வாங்க வேண்டுமா, அக்கா பேரில் வரும். யாருக்காவது கணவன் கண்ணில் படாமல் ஒரு பொட்டலம் வரவேண்டுமா, அதுவும் அக்கா பேரில் வரும். பொட்டலம் கொண்டுவரும் மலாய்க்காரர் ஒருநாள் என்னிடம், "இந்த ஆன்டி பெரிய பணக்காரரா?" என்று கேட்டார். அந்தப் பணக்காரர் அந்த நேரத்தில் கீழே டோபிக் கடையில் யாருடைய போர்வையையோ மடித்துக்கொண்டிருந்தார்.

டோபி என்றால் இப்போது காசு போட்டால் சுற்றும் மிஷின்கள்தான். எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த கடையை அக்காதான் பார்த்துக்கொண்டார். தரையைத் துடைப்பது, சில்லறை மாற்றிக் கொடுப்பது, விட்டுவிட்டுப் போகிறவர்களின் துணியை உலர்த்தி மடித்து வைப்பது எல்லாம் அவர் வேலை. துணி சுற்றி முடியும்வரை பெண்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் கண்ணீரும் வரும். கடைசியில் அக்கா, "அழாதலா, என் பேர்ல போட்டுக்கோ" என்பார்.

மூன்றாம் மாடியில் ஒரு பெண்ணுக்குக் காதல். அவளுக்கு சிம் வாங்கிக் கொடுத்தது அக்கா, தன் அடையாள அட்டையைக் காட்டி. எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்து அந்தப் பெண்ணின் அப்பா டோபிக்கு வந்து கத்தினார். அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஆமா, என் சிம்தான். நான்தான் அந்தத் தம்பிகிட்ட பேசுனேன்."

"ஒங்களுக்கு எதுக்கு அவன்கிட்ட பேச்சு?"

"பொழுது போகல அண்ணே."

கடை முழுக்கச் சிரித்துவிட்டது. அந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது என்று தெரியாமல் மேலே ஏறிப் போய்விட்டார்.

கோவிலிலும் இதே கதைதான். கர்ப்பமாகி இன்னும் வீட்டில் சொல்லாத பெண்ணுக்காக, குழந்தை நிற்காத பெண்ணுக்காக, குடிகாரனைக் கட்டிக்கொண்டவளுக்காக என்று அக்கா அர்ச்சனைச் சீட்டு வாங்குவார். பெயரும் நட்சத்திரமும் மட்டும் தன்னுடையதைச் சொல்வார். குருக்கள் ஒருமுறை, "ஒங்க நட்சத்திரத்துக்கு மட்டும் ஏம்மா இவ்ளோ கஷ்டம்?" என்று கேட்டாராம்.

நான் கேட்டேன், "வேற ஆளுக்கு வேண்டிக்கிட்டு ஒங்க பேர சொன்னா அது எப்படிப் போய்ச் சேரும்?"

"சாமிக்குத் தெரியும்லா யாருக்குன்னு," என்றார்.

எனக்கு இதிலெல்லாம் எரிச்சல்தான். நான் வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவள். அடுத்தவருக்குப் பேரைக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறவள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அக்காவின் பிள்ளை சிங்கப்பூரில் வளர்ந்து அங்கேயே தங்கிவிட்டான் என்று நான் குத்திக்காட்டுவேன். அவர் கோபப்பட மாட்டார்.

"என் பேர்ல ஏதாச்சும் வந்தா ஏன்னு கேக்க வீட்ல யாரு இருக்கா? புருஷன் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. கேக்க ஆள் இல்லாத பேருலா இது. சும்மாதான கெடக்கு, யாராச்சும் எடுத்துக்கட்டும்."

அந்தப் பேச்சில் இருந்த தனிமை எனக்கு அன்று உறைக்கவில்லை. திமிர் என்றுதான் நினைத்தேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் கம்பெனி வந்து சேர்ந்தது. சின்ன வயதுக்காரர்கள் சேர்ந்து நடத்திய கம்பெனி. பெண்களின் உடம்புக்கு என்று ஒரு செயலி செய்திருந்தார்கள். மாதவிலக்குத் தேதி, மாத்திரை நேரம், வீடியோவில் டாக்டர், சந்தேகம் கேட்டால் பதில் எழுதும் மிஷின், எல்லாம் அதில் உண்டு, தமிழிலும் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முன்னதாகவே பார்த்துக்கொள்ளும் பரிசோதனை. ஒரு சின்னக் குழாயும் பஞ்சு சுற்றிய குச்சியும் வீட்டுக்கே வரும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே எடுத்து மூடி அனுப்பிவிடலாம். முடிவு கைப்பேசிக்கு வரும். யார் முன்னாலும் காலை அகட்டிப் படுக்க வேண்டாம்.

அந்தக் கம்பெனியிலிருந்து பவித்ரா என்ற பெண் டோபிக்கு வந்தாள். பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் இடம் வேறு எங்கே கிடைக்கும்? புத்திசாலிதான். ஒரு வாரத்தில் அவள் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கு ஊதா நிறத்தில் ஒரு டீ-ஷர்ட் கொடுத்தார்கள். அக்கா அதைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு பெண்களை வளைத்து வளைத்துப் பிடித்தார்.

"ஒன்னும் இல்லலா. பல்லு விளக்குற நேரம்கூட ஆவாது."

அந்தக் கம்பெனியை முழுக்கத் திட்ட எனக்கு ஆசைதான். முடியவில்லை. கிள்ளானில் அக்காவின் நாத்தனார் ஒருவர் இருக்கிறார். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு டாக்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அக்கா அவரை மிரட்டிக் குச்சியை எடுக்கவைத்தார். முடிவு சரியில்லை. சீக்கிரமே பார்த்துச் சின்ன சிகிச்சையோடு முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த அம்மாள் கிள்ளானில் கோவில் திருவிழா என்றால் முதல் ஆளாகப் போய் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வரும்.

இனி மாலாவைச் சொல்ல வேண்டும். மாலா எங்களுக்கு மேல்மாடி. கல்யாணமாகி வந்த பெண், கிள்ளான்காரி. அக்காவை அக்கா என்பாள், அவரைவிட இளையவளான என்னை ஆன்டி என்பாள். அதை நான் மன்னித்துவிட்டேன். அவள் கணவன் சரவணன் வாடகைக் கார் ஓட்டுபவன். உழைப்பாளி, குடிக்க மாட்டான், கோவிலுக்குப் போவான், மனைவியின் கைப்பேசியைத் தினமும் எடுத்துப் பார்ப்பான். பள்ளியில் கூடப் படித்த ஒருவன் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினான் என்பதற்காக அவளைக் கிள்ளானுக்கு அனுப்பிவிட்டான். மாதக்கணக்கில் அம்மா வீட்டில் கிடந்தாள். அக்காதான் நடையாய் நடந்து பேசிச் சேர்த்துவைத்தார். சரவணனுக்கு அக்கா என்றால் உயிர். அம்மா இல்லாதவன்.

அந்த மாலாவுக்கு இடையிடையே இரத்தம் பட்டது. பயந்துபோனாள். பரிசோதனை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் முடிவு அவள் கைப்பேசிக்கு வரும். அந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமி உடலுறவில்தான் தொற்றும் என்று சரவணன் எங்கேயோ அரைகுறையாகப் படித்திருந்தான். ஊர் மேயும் பொம்பளைக்குத்தான் அது வரும் என்று ஒருநாள் காரில் வைத்துச் சொல்லியும் இருந்தான். அதற்குப் பிறகு அவள் எப்படி வாயைத் திறப்பாள்?

ஓர் அடையாள அட்டைக்கு ஒரு பரிசோதனைதான் இலவசம். அக்காவுக்கு வந்தது மேசைமேல் பிரிக்காமல் கிடந்தது. அக்கா என்ன செய்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது எனக்கு அப்போது தெரியாது. பிறகு மாலா சொல்லித்தான் தெரியும். அவள் தயங்கியபோது அக்கா சொன்னாராம், "எனக்கு எதுக்குலா இது? எனக்கு எல்லாம் நின்னு போச்சு. என் பேர்ல போட்டுக்கோ." அர்ச்சனைச் சீட்டு வாங்குகிற மாதிரிதான் அவர் அதை நினைத்திருக்கிறார். பெயர் யாருடையதாக இருந்தாலும் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்று. சாமிக்கு ஆள் தெரியும். மிஷினுக்குப் பெயர் மட்டும்தான் தெரியும்.

முடிவு நல்லபடியாக வந்தது. மாலாவுக்கு வேறு ஏதோ சின்னக் கோளாறு, மாத்திரையில் சரியாகிவிட்டது. அக்காவின் கைப்பேசியில் அவர் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி விழுந்தது. இனி சில வருடங்களுக்குக் கவலை வேண்டாம் என்று தமிழில் எழுதியிருந்தது. பவித்ராவுக்கு ஒரே சந்தோஷம். அக்காவை நிற்கவைத்துப் படம் எடுத்துப் போஸ்டர் அடித்து டோபி சுவரில் ஒட்டினாள். 'நான் பரிசோதித்துக்கொண்டேன், நீங்கள்?' என்று அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பல பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் உண்மை.

பிறகு அக்காவுக்கே இரத்தம் பட்டது. நின்று போய் வருடங்களான பிறகு.

அவர் சொல்லவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன். ஊர்த் துணியையெல்லாம் மிஷினில் போடுகிறவர் தன் துணியை மட்டும் வீட்டுக் குளியலறையில் கையால் அலசிப் பின்பக்கம் காயப்போட்டார். கறுப்புக் கைலிகளாகவே காய்ந்தன. ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"சூடுலா. இளநி குடிச்சா சரியாப் போயிடும்."

"இந்த வயசுல சூட்டுக்கு இரத்தம் வருமாக்கா? டாக்டர்கிட்ட காட்டுங்க."

நான் விடவில்லை. அவர் கைப்பேசியிலேயே அந்தச் செயலியைத் திறந்து வீடியோவில் டாக்டரைக் கூப்பிட்டோம். சின்னப் பெண், அன்பாகப் பேசினாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். அக்கா பாதியைக் குறைத்துச் சொன்னார். டாக்டர் கண்ணைத் தாழ்த்தி எதையோ படித்துவிட்டுச் சிரித்தாள்.

"போன வருஷ ரிசல்ட் நல்லா கிளியரா இருக்கே ஆன்டி. அந்தப் பயம் வேண்டாம். வயசானா உள்ள தோல் காஞ்சு போவும், அதுனாலயும் வரும். க்ரீம் எழுதித் தரேன். ரெண்டு வாரத்துல நிக்கலன்னா கட்டாயம் நேர்ல போய்க் காட்டணும்."

நான் பெருமூச்சு விட்டேன். அக்கா விடவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் போனது, அதற்கு மேலும் போனது. நின்றுவிட்டது என்றார். நிற்கவில்லை. இடுப்பு வலியில் டோபியில் முக்காலியைவிட்டு எழுந்திருக்க முடியாமல் போனார். அப்போதும் யாராவது வந்து அழுதால், என் பேர்ல போட்டுக்கோ என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒருநாள் அவர் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்ததைப் பார்த்துவிட்டு, அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். சரவணன்தான் காரில் ஏற்றிப் போனான். வாடகை என்று சொன்னதற்கே கோபித்துக்கொண்டான். அக்காவால் நடக்க முடியாததால் தோளில் தாங்கி டாக்டர் அறைக்குள்ளேயே கூட்டிவந்து உட்காரவைத்தான். நானும் இருந்தேன்.

டாக்டர் மலாயில் கேட்டார், "கடைசியாக எப்போது பரிசோதனை எடுத்தீர்கள்?"

அக்கா சரவணனைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைத் திறந்து அந்தப் பச்சைச் சரியை நீட்டினார்.

"இது நீங்கள் எடுத்ததுதானே?"

"நான் எடுத்ததுதான்."

டாக்டர் சரவணனை வெளியே போகச் சொல்லிவிட்டு, உள்ளே பார்க்க வேண்டும், படுங்கள் என்றார். சரவணன் போனான். ஆனால் சொன்னது சொன்னதுதானே. டெஸ்ட்தான் நல்லா வந்திருக்கே, இன்னொரு நாள் பார்த்துக்கலாம் என்று அக்கா எழுந்துவிட்டார். வெளியே உட்கார இடமில்லாமல் ஜனம் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் அந்தப் பச்சையை இன்னொருமுறை பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவசரம் என்று எழுதவில்லை. தேதி பல வாரம் தள்ளிக் கிடைத்தது.

நான் காரில் முழுநேரமும் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். சரவணனும் சேர்ந்து திட்டினான். "ஒடம்ப பார்த்துக்கங்க அக்கா, ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா," என்றான். அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

அந்த வாரம் சரவணன் வண்டி எடுத்துப் போனதும் மாலா என் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்டி, அந்த டெஸ்ட் அக்காவோடது இல்ல. என்னோடது."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவளை அடிக்கக் கை போய்விட்டது. அடிக்கவில்லை. அவள் ஏற்கனவே அடிபட்டவள் மாதிரி சுருண்டிருந்தாள். அக்காவிடம் சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அக்கா கேட்கவில்லை. வாயைத் திறந்தால் உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

எதிர்வீட்டுக்கு நான் நடந்தேனா ஓடினேனா தெரியாது. அக்கா பாயில் படுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"மெதுவா பேசு. அக்கம்பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும். ஒங்க உயிரு போவுது."

"போவலலா. இளச்சிருக்கேன், அவ்ளோதான்."

"மாலா பேர சொல்ல வேணாம். இது என் டெஸ்ட் இல்ல, அத மட்டும் டாக்டர்கிட்ட சொன்னா போதும்."

அவர் எல்லாவற்றையும் ஏற்கனவே யோசித்து வைத்திருந்தார். நாள் முழுக்க அந்த முக்காலியில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்திருக்கிறார்.

"சொன்னா கம்பெனிக்குப் போவும். கம்பெனி யாரோடதுன்னு கேக்கும். போஸ்டர எடுப்பாங்க. எடுத்தா ஏன் எடுத்தாங்கன்னு டோபியில பேசுவாங்க. சரவணன் காதுல விழும். அவன் மாலா மூஞ்சிய பார்ப்பான். அந்தப் பொண்ணு மூஞ்சியில எதுவும் நிக்காது. நான் பேசிப் பேசிச் சேர்த்து வச்ச குடும்பம்லா அது."

"செத்துப் போயிட்டா சேர்த்து வைக்க யாரு இருப்பா?"

அவர் அப்போதுதான் அழுதார். அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு, வெளியே கேட்காமல் அழுதார்.

"நான் அதுகிட்ட சொன்னேன்," என்றார்.

"யாருகிட்ட?"

"அந்தச் செயலியில பதில் போடுற மிஷின்கிட்ட. அதுக்குப் புருஷன் இல்ல, அக்கம்பக்கம் இல்ல, யாருகிட்டயும் போய்ச் சொல்லாதுன்னு நெனச்சேன். இது என் ரிசல்ட் இல்லன்னா என்ன செய்யணும்னு தமிழ்ல எழுதிக் கேட்டேன். ஒங்க ரிசல்ட் நல்லா இருக்கு, வாழ்த்துகள்னு போட்டுச்சு. திரும்பக் கேட்டேன். திரும்ப வாழ்த்துனுச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைக்கு வெள்ளனா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். வரலன்னா நானே மேல ஏறிப் போய் சரவணன்கிட்ட சொல்லிடுவேன்," என்றேன். சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும். வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கவுண்டரில் தாதியிடம் தேதியெல்லாம் இல்லை, அந்தப் பரிசோதனை இவருடையது இல்லை, இப்போதே பாருங்கள் என்று மலாயில் கத்தினேன். என் ஆபீஸ் வாழ்க்கையில் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கத்தலுக்குத்தான் உதவியது. ஒரு டாக்டரம்மா வந்து உள்ளே கூட்டிப் போனார். திரைக்குப் பின்னால் அதிக நேரம் ஆகவில்லை. கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"எதிர்வீடு."

"வீட்டு ஆளுங்கள வரச் சொல்லுங்க."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். முதல்முதலில் இரத்தம் பட்டபோதே பார்த்திருந்தால் என்று கேட்டேன். டாக்டரம்மா என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். பரவியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து மகன் வந்தான், போனான், வந்தான். கதிர்ச் சிகிச்சை என்றார்கள், மருந்து என்றார்கள். அக்கா சின்னதாகிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்குக் கேள்வி போனதால் பவித்ரா வார்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவளும் தூங்கியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சரவணன் கஞ்சி கொண்டுவந்திருந்தான். மாலா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்டி, அந்த சாம்பிள் யாரோடது? நீங்க சொல்லியே ஆகணும்," என்றாள் பவித்ரா.

"என்னோடதுதான்."

"டாக்டர்கிட்ட வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே."

"அது இவ கத்துனா. நான் சொல்லல. என்னோடதுதான். ஒங்க மிஷின் தப்பா சொல்லிடுச்சு."

பவித்ராவின் முகம் வெளுத்துவிட்டது. "அப்படின்னா எல்லாரோட ரிசல்ட்டையும் சந்தேகப்படணும் ஆன்டி. கிளியர்னு நம்பி வீட்ல இருக்கிற எல்லாப் பொம்பளைங்களையும் திரும்பக் கூப்பிடணும். சொல்லுங்க, ப்ளீஸ்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சரவணன் எதுவும் புரியாமல் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தான். நான் மாலாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் தள்ளிவிடுவதாக ஆகும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னோடது," என்றாள் மாலா.

சரவணன் ஊற்றுவதை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை. வருடக்கணக்கில் அவள் கைப்பேசியைப் படித்தவன், இதையும் அவள் முகத்திலேயே படித்துக்கொண்டான்.

"ஒனக்கு ஒன்னும் இல்லதான?" என்று கேட்டான்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் கிண்ணத்தை அக்காவுக்கு எட்டும்படி வைத்துவிட்டு வெளியே போனான். நான் பின்னாலேயே போனேன். நடைவழியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னா அக்கா இப்படிக் கெடந்தாங்க?"

"ஆமா."

"நான் அவ்ளோ கெட்டவனா ஆன்டி?"

"ஒரு பர்த்டே மெசேஜுக்கு அவளக் கிள்ளானுக்கு அனுப்புனது யாரு? கார்ல வச்சு, ஊர் மேயுற பொம்பளைக்குத்தான் வரும்னு சொன்னது யாரு?"

அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் சமாதானம் சொல்லவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம், அக்காமேல் கோபம், அந்தப் பச்சைச் சரிமேல் கோபம். எல்லாக் கோபத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்கா மாலாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சத்தியத்தை மீறியவள் என்று. அவள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். சில நாள் கழித்து நான் தனியாக இருந்தபோது கேட்டார்.

"சரவணன் அவள என்ன செஞ்சான்?"

"ஒன்னும் செய்யலக்கா."

"அடிச்சானா?"

"இல்ல."

"கிள்ளானுக்கு அனுப்பலயா?"

"இல்லக்கா. ரெண்டு பேரும் ஒன்னாத்தான் வராங்க, ஒன்னாத்தான் போறாங்க. அவ ஃபோன்கூட இப்ப அவகிட்டயே இருக்கு."

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் ஒன்றும் இல்லை.

"அப்ப நான் சும்மாத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேனா?"

நான் வாயாடி என்று பெயர் எடுத்தவள். ஏதோ சொல்லத்தானே வேண்டும்.

"இல்லக்கா. நீங்க இப்படிக் கெடக்குறத பார்த்துத்தான் அவன் திருந்துனான். இல்லாட்டி அவள அனுப்பியிருப்பான்."

"பொய் சொல்லாதலா," என்றார். "ஒனக்கு அது வராது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாலா வந்து கால்மாட்டில் நின்றாள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் திரும்பவில்லை. தைப்பூசத்துக்கு முந்திய வாரம் இறந்துபோனார். அதன்பின் கடைசிவரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.